பெல்லக்காவுக்கு யாரு ஜெபிச்சா

இந்த சீட்டுக்கு ஆள் வருதா ஆன்ட்டி? இல்லல்லா? ஸ்தோத்திரம். கொஞ்சம் நகந்துக்கிடுங்க. இந்தப் பெரிய பைய கீழ போட்டிருதேன், நீங்க தாராளமா கால வைங்க, எல்லாம் அழுக்குத் துணிதான். இத மட்டும் மடில வச்சுக்கிடுதேன். என்னன்னு பாக்கீங்களா? மணி. பித்தள மணி. ஆட்டிக் காட்டட்டா? வேண்டாம் வேண்டாம், டிரைவர் விசிலுன்னு நெனச்சு பஸ்ஸ நிறுத்திருவாரு.

நீங்க எதுவரைக்கும்? திருச்செந்தூரா! நான் திருநெல்வேலிலயே எறங்கிருவேன். ஓ... மஞ்ச சேல... நேர்த்திக்கடனா? ம். சரி. சரி சரி. இல்ல ஆன்ட்டி, நான் ஒண்ணும் சொல்லல. என் பைல ஒரு கைப்பிரதி கெடக்கு, இயேசுவப் பத்தின நோட்டீசுதான், எறங்கும்போது தாரேன், சும்மா படிச்சுப் பாருங்க. புடிக்கலன்னா வடைய வச்சு எண்ணெய ஒத்தி எடுங்க. நான் இப்பிடிச் சொன்னேன்னு எங்க பாஸ்டருக்கு மட்டும் தெரியக் கூடாது.

கேம்ப்ல இருந்து வாரேன் ஆன்ட்டி. எங்க சபை வாலிபர் கேம்ப். அஞ்சு நாளு. குத்தாலத்துக்கு இங்கிட்டு ஒரு தென்னந்தோப்புக்குள்ள பெரிய கட்டடம் இருக்கு, அங்க. இன்னைக்குத்தான் கடைசி நாளு. முடிஞ்சிட்டு. அய்யோ, என்ன கேம்ப் தெரியுமா! அருவில சொட்டுத் தண்ணி இல்ல, பாத்ரூம்ல தவள, சாம்பார்ல உப்பு இல்ல, ஆனா சூப்பர் கேம்ப்! அறுபத்தி நாலு பேரு. எனக்கு இது ஏழாவது வருசம். இப்ப நான் வாலண்டியர். காலைல அஞ்சரைக்கு மணியடிச்சு அம்புட்டுப் பேரையும் எழுப்புறது யாரு? நான்தான். சாப்பாட்டுக்கு மணி, ஜெபத்துக்கு மணி, லைட்ட அணைக்க மணி. அதனால பிள்ளைங்களுக்கு நான் பெல்லக்கா. நெஞ்சுல குத்துற பேர் அட்டை இருக்குல்லா, அதுலயே நான் பெரிசா "பெல்லக்கா"ன்னுதான் எழுதி ஸ்கெட்ச்ல ஒரு மணி படமும் வரைஞ்சு குத்திக்கிட்டேன். ஜாலியா இருக்கும்லா. அந்தக் கேம்ப்ல பெல்லக்காவத் தெரியாத ஆளு கிடையாது ஆன்ட்டி. சமையக்காரரே "பெல்லக்கா, சோறு வெந்துட்டு, அடிங்க"ன்னுவாரு. அவருக்கு அறுபது வயசு.

வேனா? உண்டே. ரெண்டு வேன். மொத வேன்ல இருந்தவங்க நான் ரெண்டாவதுல வாரேன்னு நெனச்சிருக்காங்க, ரெண்டாவதுல இருந்தவங்க நான் மொதல்லயே ஏறிட்டேன்னு நெனச்சிருக்காங்க. நான் பின்னால பாய் சுருட்டிட்டு இருக்கேன். வந்து பாத்தா கேட்டுக்கிட்ட டயர் தடம்தான் கெடக்கு. ஹஹ்ஹா! போன வருசமும் இதேதான் ஆன்ட்டி! வாட்ச்மேன் அண்ணன்தான் பைக்ல கொண்டாந்து தென்காசில வுட்டாரு. ஒருத்தரும் வேணும்னு பண்ணல. அம்புட்டுப் பேரு கலகலன்னு இருக்கும்போது யாரு ஆள் எண்ணிக்கிட்டு இருப்பா. இல்ல, இன்னும் யாரும் போன் பண்ணல. வேன்ல பாட்டு போட்டுருப்பாங்க, ஞாபகம் வராது.

நான் பேசுறது தொந்தரவா இருக்கா? தூங்கணும்னா தூங்குங்க. இல்லையா? அப்ப ஒரு விசயம் சொல்லட்டா? காலைல இருந்து யார்ட்டயாவது சொல்லணும் சொல்லணும்னு இருக்கு.

கேம்ப்ல ஒரு வழக்கம் உண்டு. ஜெபத்தோழின்னு சொல்லுவோம். பையங்களுக்குத் தனி டப்பா, பொண்ணுங்களுக்குத் தனி டப்பா. நாங்க பொண்ணுங்க முப்பத்தோரு பேரு. மொத நாள் சாயங்காலம் எல்லாரும் ஒரு சின்னச் சீட்டுல அவங்கவங்க பேரு எழுதணும், கீழ ஒரே ஒரு ஜெபக் குறிப்பு எழுதணும். மடிச்சு பிஸ்கட் டப்பாக்குள்ள போடணும். அப்பறம் குலுக்கி ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும். யாரு சீட்டு வருதோ அவங்களுக்காக அஞ்சு நாளும் ஜெபிக்கணும். ஆனா அவங்களுக்குத் தெரியக் கூடாது. அதான் முக்கியம். தெரியாமலே எதாவது நல்லது செய்யணும். தலகாணிக்கு அடில மிட்டாய் வைக்கலாம், தட்டக் கழுவி வைக்கலாம், வசன அட்டை எழுதி செருப்புக்குள்ள வைக்கலாம். கடைசி நாள், அதாவது இன்னைக்கு, ஒவ்வொருத்தரா எந்திச்சு, அந்தப் பேர சத்தமா சொல்லிக் கூப்பிட்டு, அவங்க கைல ஒரு நீலக் கம்பளி நூலக் கட்டி வுடணும். அப்பதான் தெரியும், இத்தன நாளு நமக்காக முழங்கால் போட்டது யாருன்னு. அய்யோ, அந்த நேரம் இருக்கே ஆன்ட்டி! ஒரே கட்டிப்புடி, ஒரே அழுக. மூஞ்சியே தெரியாத பிள்ளைங்கல்லாம் கூடப் பொறந்தது மாதிரி ஆயிருவாங்க.

டப்பா, சீட்டு, நூலு, சட்டம் எல்லாம் என் பொறுப்பு. முப்பத்தோரு நூலு நான்தான் அளந்து வெட்டுனேன். யாராவது மூலைல நின்னு "ஏட்டி, உனக்கு யாரு வந்திருக்கா?"ன்னு குசுகுசுன்னா போதும், பின்னால போயி டங்குனு மணிய அடிச்சிருவேன். பயந்து செத்துரும் பிள்ளைங்க. நாம ஒரு பொறுப்ப எடுத்தா ஒழுங்கா செய்யணும்லா?

நான் எழுதுன குறிப்பா? அது வந்து... சொல்லுதேன். உங்களுக்கென்ன, திருச்செந்தூர்ல எறங்கிப் போயிருவீங்க.

எனக்கு ஒரு அக்கா உண்டு. எங்கம்மா சாகுறதுக்கு முந்தி எங்க ரெண்டு பேருக்கும் ஆசையா தேடி வச்ச பேரு. அவ கெசியா, நான் ஹெப்சிபா. வேற யாரு வீட்டுலயும் இருக்காது. இந்தக் கேம்புக்கே மொதல்ல அவ கையப் புடிச்சுட்டுத்தான் வந்தேன். அவளுக்கு ஒரு பையனப் புடிச்சுப் போச்சு. நம்ம சபைதான், வாராவாரம் கிட்டார் வாசிப்பான், நல்ல பையன்தான். ஆனா அவங்க வேற ஆளுங்க. புரியுதுல்லா? ஆமா, சபைல எல்லாரும் ஒண்ணுதான் ஆன்ட்டி, ஆராதனைல ஒண்ணுதான். கல்யாணம்னா அப்பா வேற மாதிரி பேசுவாங்க. அக்கா எங்கிட்ட மட்டும் சொன்னா. "எப்சி, யார்ட்டயும் மூச்சு வுட்டுராதட்டி"ன்னா. நான் ஒரு வாரம் தூங்கல. அப்பா கேக்காங்க, "கெசியா ஏன் ஒரு மாதிரி இருக்கா?"ன்னு. பொய் சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்க. நான் சொன்னேன். உள்ளத உள்ளபடி சொன்னேன். அவ நல்லதுக்குத்தான சொன்னேன்.

அப்பா போனப் புடுங்குனாங்க, அடிச்சாங்க, மாப்ள பாத்தாங்க. அவ ஒரு நாள் காலைல துணிப்பையோட போயிட்டா. திருப்பூர்ல இருக்காளாம், ரெண்டரை வருசம் ஆச்சு. வீட்டுல இப்ப நானும் அப்பாவும்தான். அப்பா அவ பேரச் சொல்றதில்ல. மத்த பேச்சும் பெரிசா கிடையாது. "கதவப் பூட்டிட்டியா?" அவ்வளவுதான். நான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அவளுக்குப் போன் அடிப்பேன். முழுசா ரிங் போகும். ரிங் போயி தானாக் கட்டாகும். நம்பர பிளாக் பண்ணல பாத்தீங்களா? அதான் நம்பிக்கை.

அதத்தான் எழுதுனேன். "ஹெப்சிபா. என் அக்கா கெசியா போனை எடுக்க வேண்டும்." நான் கேட்டுக் கேட்டுப் பாத்துட்டேன் ஆன்ட்டி, ரெண்டரை வருசமா. வேற ஒருத்தங்க, என்னப் பத்தி ஒண்ணுந் தெரியாத ஒருத்தங்க, எனக்காகக் கேட்டா ஆண்டவரு காது குடுப்பாருன்னு தோணிச்சு. கூட ஒரு குரல் சேந்தா கொஞ்சம் கனம் இருக்கும்லா?

கேட்டாரு ஆன்ட்டி! நான் என்ன சும்மாவா சொல்லுதேன்! ரெண்டாவது நாளு காலைல ரூம் கதவத் தொறக்கேன், வாசல்ல ஒரு வாளி வெந்நி. ஆவி பறக்குது. யாரு வச்சா? எல்லாரும் பச்சத் தண்ணில நடுங்கிட்டு இருக்காங்க, எனக்கு மட்டும் வெந்நி! மூணாவது நாளும் வெந்நி. நாலாவது நாள் கொடில போட்ட என் துணிய யாரோ அழகா மடிச்சு ஜன்னல்ல வச்சிருக்காங்க. நான் அப்பிடியே நின்னுட்டேன். எனக்காக ஒரு பிள்ள, முப்பது பேருக்குள்ள ஏதோ ஒரு பிள்ள, இருட்டுலயே எந்திச்சு தண்ணி சுட வச்சு, சத்தம் போடாம கொண்டாந்து வச்சிட்டுப் போகுது. நான் மணியடிக்கிறதுக்கு முந்தியே! சாப்பிடும்போது ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாப்பேன். நீயா? நீயா? ஒருத்தியும் காட்டிக்கிட மாட்டாங்க. நல்லா நடிக்காளுகளேன்னு சிரிச்சுக்கிட்டேன்.

இன்னைக்குக் காலைல ஆராதனை, சாட்சி, பரிசு எல்லாம் முடிஞ்சு பதினோரு மணிக்கு நூல் கட்டுற நேரம். தட்டுல முப்பத்தோரு நூலு. நான் தட்டப் புடிச்சுட்டு முன்னால நிக்கேன். ஒவ்வொருத்தியா வந்து எடுக்கா, பேரச் சொல்லுதா, கட்டுதா. பத்து ஆச்சு, பதினஞ்சு ஆச்சு. பேரோட மொத எழுத்து வரும்போதே எனக்குக் காது நீண்டுருது. இருபத்தஞ்சு. நான் எனக்கு வந்த பிள்ளைக்குக் கட்டுனேன், சுமதின்னு ஒரு பிள்ள, என்னக் கட்டிப் புடிச்சு அழுதா. இருபத்தெட்டு. இருபத்தொம்பது. முப்பது. தட்டுல ஒரு நூலு கெடக்கு. நான் நிக்கேன்.

பாஸ்டர் மைக்ல, "எல்லாரும் கட்டியாச்சா? கையத் தூக்கிக் காட்டுங்க!"ன்னாரு. கூடம் பூராம் நீல நூலு. நான் மணி வச்சிருந்த கையத் தூக்குனேன். "ஏய், பெல்லக்கா அடிக்கப் போறாங்கடோய்!"ன்னு பையங்க சிரிச்சாங்க. நானும் அடிச்சேன். எல்லாரும் பிரியாணிக்கு ஓடிட்டாங்க.

அழவா? ச்சே, நான் எதுக்கு அழுறேன். பிரியாணி ரெண்டு தட்டு சாப்பிட்டேன். பெறகு யோசிச்சேன், யாரு வராம போனது? பேப்பர எடுத்து டிக் போட்டுப் பாத்தேன். அபிஷா! காலேஜ் மொத வருசம், ஒல்லியா, பேசவே மாட்டா. அவ அண்ணன் பத்து மணிக்கே பைக்ல வந்து கூட்டிட்டுப் போயிட்டான், நாளைக்கு ஏதோ எக்ஸாமாம். அவ பேரு வந்தப்ப ஒருத்தி, "அவ போயிட்டா, ஊர்ல வச்சுக் கட்டிக்கிடுதேன்"னு நூல எடுத்துட்டுப் போனா, எனக்குத்தான் அப்ப ஒறைக்கல. பாத்தீங்களா? அவதான்! அவகிட்டதான் என் சீட்டு! பாவம், அவளுக்கும் மனசு கெடந்து அடிச்சிருக்கும், பெல்லக்காவுக்குக் கட்ட முடியலயேன்னு. வெந்நி வச்சவளுக்கு அந்த ஆச இருக்காதா?

நம்பரு எங்கிட்ட இருக்கு ஆன்ட்டி, ரெஜிஸ்டர் ஃபாரம் பூராம் என் பைலதான். பஸ்ல பேசுனா சரியாக் கேக்குமான்னு யோசிக்கேன். பாவூர்சத்திரம் தாண்டுனா டவர் நல்லாருக்குமா? போட்டுருவோமா? போட்டுருதேன். நீங்களும் கேளுங்க. ஒரு நன்றி சொல்லணும், அவ்வளவுதான. இந்தா... ரிங் போகுது. எடுத்துட்டா!

ஹலோ, அபிஷாவா? ஏட்டி, நான் பெல்லக்கா பேசுதேன்! ஆமா, கேம்ப் பெல்லக்கா! பஸ்ல இருக்கேன், சத்தமா பேசு. வீட்டுக்குப் போயிட்டியா? ம். பிரியாணியா? சூப்பர், நீ கொடுத்து வைக்கல. சரி, இப்ப கேம்ப் முடிஞ்சிட்டு, ரகசியம்லாம் ஒண்ணுங் கிடையாது. உனக்கு வந்த சீட்டு யாரு? சொல்லுட்டி, வெக்கப்படாத. ம்... ஆமா! ஹெப்சிபா! ஆமா...

என்னது?

யாருன்னு தெரியலன்னா... எங்க தேடுன? ரூம் பூராம் கேட்டியா? பேர் அட்டையெல்லாம் பாத்தியா... ம். ம். எங்கிட்டயா? எங்கிட்ட எப்ப கேட்ட? கொடிக்கிட்டயா... ஆமா. ஆமா, சொன்னேன். இல்ல, பரவால்ல. பரவால்லட்டி, இதுக்கெல்லாம் அழுவாங்களா. நீ என்ன செய்வ. வராத ஆளுன்னு... ம். சரிதான். வெந்நி எதுவும்... இல்ல இல்ல, சும்மாதான் கேட்டேன். யாரா? ஹெப்சிபா யாரா? அது... அது ஒரு பிள்ள. பேர் குடுத்திருந்தா, கடைசி நேரத்துல வர முடியல. நீ நெனச்சது கரெக்ட்தான். வைக்கேன். எக்ஸாம் நல்லா எழுது. ம். கர்த்தர் ஆசீர்வதிப்பாரு.

...

ஆலங்குளம் வந்துட்டா? இந்தா டிப்போவே வந்துட்டே. சீக்கிரம் வந்துட்டு.

இல்ல ஆன்ட்டி, ஒண்ணுமில்ல. தண்ணி இருக்கு எங்கிட்ட.

அவளுக்கு என் சீட்டுதான் வந்திருக்கு. ஆனா ஹெப்சிபா யாருன்னு தெரியலயாம். முப்பது பேரு அட்டையையும் பாத்திருக்கா. அதுல ஹெப்சிபா எங்க இருக்கு? கூடப் படுத்திருந்த பிள்ளைங்கட்ட ஜாடையா கேட்டிருக்கா, "அப்பிடி யாரும் இல்லட்டி"ன்னு சொல்லியிருக்காளுங்க. ஏழு வருசமா வாரேன் ஆன்ட்டி. பெறகு எங்கிட்டயே வந்திருக்கா. ரெண்டாவது நாளு நான் துணி காயப் போட்டுட்டு இருக்கேன், பின்னால வந்து நின்னு, "பெல்லக்கா, ஒரு பேர் கேக்கணும்"னா. நான் உடனே, "சீட்டு விசயமா? வாயத் தொறந்த, மணியடிச்சு ஊரக் கூட்டிருவேன் பாத்துக்க"ன்னேன். ஓடியே போயிட்டா. இப்பதான் ஞாபகம் வருது. ஓடுனதப் பாத்துச் சிரிச்சேன்கூட.

அப்பறம் அவளா ஒரு முடிவுக்கு வந்துட்டா, ஹெப்சிபா கேம்புக்கே வரலன்னு. வராத ஆளுக்கு எதுக்குன்னு வுட்டுட்டா. சின்னப் பிள்ளைதான.

அப்ப வெந்நி யாரு வச்சா? அதான் நானும் யோசிக்கேன். எனக்கு அடுத்த ரூம்ல பாஸ்டரம்மா இருந்தாங்க. வாட்ச்மேன் அண்ணன் வீட்டம்மா அவங்களுக்குத்தான்... அய்யோ! ஆன்ட்டி! பாஸ்டரம்மா அஞ்சு நாளும் தும்மிக்கிட்டே இருந்தாங்க! அவங்க வாளிய நான்... அய்யய்யோ! சிரிக்காதீங்க ஆன்ட்டி! நீங்க சிரிச்சா எனக்கும் சிரிப்பு வருது. துணியும் அந்த வாட்ச்மேன் வீட்டம்மாதான் மடிச்சிருப்பாங்க, மழை வருதுன்னு எல்லாத்தோடதையும்.

ஆனா பாருங்க, நான் சொன்னதுல தப்பு இல்லல்லா? ஆளாளுக்கு வந்து பேரு கேக்க ஆரம்பிச்சா அப்பறம் என்ன ரகசியம்? சட்டம்னா எல்லாருக்கும்தான. அப்பாட்ட சொன்னதும் அப்பிடித்தான். கேட்டாங்க, உள்ளதச் சொன்னேன். நான் எல்லாஞ் சரியாத்தான் ஆன்ட்டி செய்யுதேன். ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தா எல்லாஞ் சரியாத்தான் இருக்கு.

வெயிலு கண்ணுல அடிக்கி. அந்த ஷட்டர எறக்கி வுடுங்களேன். இல்ல, அழல. வெயிலுதான்.

என்ன சொன்னீங்க? கேக்கல.

முருகன்ட்ட எனக்காக வேண்டிக்கிடுதீங்களா? அய்யய்யோ வேண்டாம் ஆன்ட்டி. தப்பா எடுத்துக்கிடாதீங்க, நீங்க நல்ல மனசோடதான் சொல்லுதீங்க, ஆனா எங்களுக்கு அது ஆகாது. எங்க பாஸ்டருக்குத் தெரிஞ்சா மணியப் புடுங்கிருவாரு. அப்பாவுக்குத் தெரிஞ்சா... அப்பா ஒண்ணும் பேச மாட்டாங்க, பேசாம இருந்தே கொன்னுருவாங்க. வேண்டாம். நான் ஜெபம் பண்ணிக்கிடுதேன்.

உங்க நேர்த்தி எதுக்கு? மருமகளுக்கா? உங்களோட பேசாம இருந்தாளா? எத்தன வருசம்? நாலா? இப்ப பேசுதாளா? அவளே கூப்பிட்டாளா! என்ன சொன்னா? "அத்த, சாப்பிட்டீங்களா"ன்னா? அதத்தான் மொதல்ல கேட்டாளா... ம்.

...

பேட்ட தாண்டிட்டு. நான் எறங்கணும். பைய எடுக்கேன், கால நகத்திக்கிடுங்க. கைப்பிரதி... இருக்கட்டும், பரவால்ல.

ஆன்ட்டி. நீங்க மறக்க மாட்டீங்கல்லா? அங்க அம்புட்டுக் கூட்டத்துல, தள்ளுமுள்ளுல, மறந்துராது? இல்ல, நான் சொல்லச் சொல்லல. நீங்களாச் சொன்னா அது உங்க விசயம். நான் என்ன செய்ய முடியும். ஹெப்சிபா. வாயில வரலன்னா எப்சின்னு சொல்லுங்க, அவ அப்பிடித்தான் கூப்பிடுவா. பெல்லக்கான்னு மட்டும் சொல்லிராதீங்க, அங்க யாருக்கும் தெரியாது.

அக்கா பேரு கெசியா. திருப்பூரு. போன எடுக்கணும், அவ்வளவுதான், பேசக்கூட வேண்டாம். அவளாக் கூப்பிட்டாலும் சரி. என் நம்பரு மாறலன்னு சேத்துச் சொல்லிருங்க. அதே நம்பருதான்.